தலையெழுத்தும் பதிவேடும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி)

"எழுதினதை அழிச்சு எழுத முடியுமா?"

எங்கள் ஊரில் துக்க வீடுகள்தோறும் தவறாமல் காதில் விழும் வாசகம் இது. 2022ஆம் ஆண்டு ஐப்பசியில் என் தாய்மாமா இறந்தபோதும் இதைச் சொல்லித்தான் அம்மாவைத் தேற்றினார்கள். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. இன்று அந்த வாசகத்தின்மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தின் காரணத்தை ஆசிரியப் பெருமக்களிடமும் சக மாணவ மாணவியரிடமும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சம்பா நடவு நாள். நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்த மாமா திடீரென்று வரப்பில் உட்கார்ந்து, தலை பிளக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை துவண்டது. ஊர் எல்லையில் ஆட்டோ பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஸ்கேன் படத்தைப் பார்த்த இளம் மருத்துவர், மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்று பொறுமையாகவே விளக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இவங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

"இல்லைங்க சார்" என்று நான்கைந்து குரல்கள் ஒன்றாகச் சொல்லின. அம்மாச்சி மட்டும் வாய் திறக்கவில்லை. மாமா மூன்றாம் நாள் இறந்தார். வயது 49.

கருமாதி முடிந்த இரவில்தான் அம்மாச்சி பேசினார். "உங்க தாத்தாவும் இப்படித்தான். புயலடிச்ச மறு வருஷம், களத்துல நெல்லு தூத்திக்கிட்டிருந்தப்ப. உங்க அம்மாவுக்கு அப்ப ஒரு வயசு. அவரு தங்கச்சி அதுக்கும் முன்னாடி." நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட புயல் 1977 நவம்பரில் அடித்தது, ஆகவே தாத்தா 1978இல் இறந்திருக்கிறார். ஏறத்தாழ முப்பத்தைந்து வயது இருக்குமாம். "டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல அம்மாச்சி?" என்றேன். "அத்தனை பேரு நிக்கிற எடத்துலயா? சொன்னா நாளைக்கு நம்ம வீட்டுல பொண்ணெடுப்பானா?" என்றார். மாமா மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து நான்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது அபூர்வமான மரபு நோய்தான் என்று நான் சாதிக்கவில்லை. மூளை இரத்தக் கசிவுக்குப் பெருங்காரணம் கவனிக்கப்படாத உயர் இரத்த அழுத்தமே. அதுவும் குடும்பம் குடும்பமாக வரக்கூடியதே. ஆனால் இரண்டாமாண்டு மரபியல் வகுப்பில் பேராசிரியை கரும்பலகையில் வட்டமும் சதுரமுமாக ஒரு வம்சாவளிப் படம் வரைந்து, நோயுற்றவர்களைக் கறுப்பாகத் தீட்டியபோது, நான் என் நோட்டில் தாத்தாவையும் அவர் தங்கையையும் மாமாவையும் வரைந்து தீட்டினேன். அடுத்த இடத்தில் அம்மா. அந்த வட்டத்தைத் தீட்டவும் கை வரவில்லை. வெறுமையாக விடவும் மனம் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் நோட்டைப் பேராசிரியையிடம் காட்டினேன். அவர் சில ஆய்வுக் கட்டுரைகளைத் தந்து, "அகராதியை வைத்துக்கொண்டு படி" என்றார். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் என்று படித்தேன். அவற்றில் ஒன்றுதான் என்னை ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோயிற்று.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மூளையின் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகளிலிருந்து தலைமுடிப் பருமனுள்ள நுண்ணிய கிளைகள் பிரிந்து உள்ளே இறங்குகின்றன. அவற்றின் சுவர் பழுதுபடுவதே நுண்குழாய் நோய். முதுமையாலும் இரத்த அழுத்தத்தாலும் யாருக்கும் இது வரலாம். ஆனால் சில குடும்பங்களில் சுவரைப் பழுதாக்கும் குறை மரபணுவிலேயே இருக்கிறது. நாட்ச்-3 என்ற மரபணு மாறினால் வருவது காடசில் என்னும் நோய். இது 1996இல் பிரான்சு நாட்டில் கண்டறியப்பட்டது. சுவரின் அடித்தளமாகிய கொலாஜன் புரதத்தின் மரபணு கெட்டால் வருவது இன்னொன்று. அமிலாய்டு எனப்படும் புரதப் படிவு சுவரில் ஏறிக் குழாயை நொறுங்கத்தக்கதாக்கும் வகைகளும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஓங்கு பண்பாக இறங்குபவை. அதாவது தாய் தந்தையரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை" என்று நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்கிறோமே, அது இங்கே பொருந்தாது. ஜப்பானில் முதலில் அறியப்பட்ட காரசில் என்ற ஒடுங்கு வகைக்கு மட்டும் அது பொருந்தும்.

இனி ஐஸ்லாந்து. வடக்கு அட்லாண்டிக் கடலில் எரிமலையும் பனியும் நிறைந்த தீவு. அங்கே ஆர்னி ஆர்னசன் என்ற மருத்துவர், சில குடும்பங்களில் இளவயதினர் மூளை இரத்தக் கசிவால் அடுத்தடுத்து இறப்பதைக் கவனித்து, 1935இல் நூலாக எழுதினார். அந்நோயாளிகளின் மூளைக் குழாய்களில் அமிலாய்டு படிந்திருப்பதை 1972இல் கண்டார்கள். படிந்திருக்கும் புரதம் சிஸ்டாட்டின் சி என்பது 1980களில் தெரிந்தது. அந்தப் புரதச் சங்கிலியில் 68ஆம் இடத்தில் லூசின் இருக்க வேண்டும். இக்குடும்பங்களில் அங்கே குளூட்டமின் இருக்கிறது. அந்த ஓர் எழுத்துப் பிழை! இருபதுகளிலேயே முதல் இரத்தக் கசிவு. சராசரியாக முப்பது வயதை ஒட்டிச் சாவு. தலையெழுத்து என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் விஞ்ஞானத்தில் கிடைக்குமா என்று நானும் நினைத்தேன்.

ஆனால் 2008இல் ஆஸ்ட்ரிதுர் பால்ஸ்டோட்டிர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. அவர்கள் இந்தக் குடும்பங்களின் முன்னோரை வம்சாவளி ஏடுகளில் தேடிப் பின்னோக்கிப் போனார்கள். நோயுற்ற பேரனுக்கும் அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரனுக்கும் பொதுவான மூதாதை யாரோ, அவர் இந்த மரபணுவைச் சுமந்தே இருக்க வேண்டும். இரத்தம் எடுக்காமலேயே அது தெரிந்துவிடும். பிறகு அவர் எந்த ஆண்டு பிறந்தார், எந்த ஆண்டு இறந்தார் என்று பார்த்தால் போதும். இப்படிப் பார்த்ததில், 1825ஐ ஒட்டிப் பிறந்த மரபணுச் சுமப்பாளர்கள் சராசரியாக 65 வயதளவுக்கு வாழ்ந்திருக்கிறார்கள்! அதாவது ஊரில் மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருக்கிறார்கள். அதன்பின் தலைமுறைக்குத் தலைமுறை ஆயுள் சரிந்து, 1900ஐ ஒட்டிப் பிறந்தவர்களிடம் முப்பதுக்கு வந்து நிற்கிறது. அதே காலத்தில் அவர்களை மணந்தவர்களின், மரபணுக் குறையில்லாத கணவன் மனைவியரின், ஆயுள் கூடியிருக்கிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு; ஒருவர் ஆயுள் ஏற, மற்றவர் ஆயுள் இறங்கியது.

மரபணு மாறவில்லை. 1550ஐ ஒட்டி யாரோ ஒருவரிடம் தோன்றிய அதே பிழைதான் வழிவழியாக வந்திருக்கிறது. மாறியது வாழ்க்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் ஐஸ்லாந்தில் உப்பு அரிது, தானியம் அரிது. இறைச்சியைப் புளித்த மோர்த்தெளிவில் ஊறவைத்துப் பாதுகாப்பார்கள். உலர்ந்த மீனை வெண்ணெயுடன் உண்பார்கள். பிறகு கப்பல்களில் மாவும் சர்க்கரையும் உப்பும் வந்து குவிந்தன. ஆயுள் குறைவுக்கு இந்த உணவு மாற்றமே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. "இரண்டும் சேர்ந்து நடந்தன என்பது வேறு, ஒன்றால் மற்றது நடந்தது என்பது வேறு" என்று பேராசிரியை என்னை எச்சரித்தார். ஒப்புக்கொள்கிறேன். உப்புதான் குற்றவாளி என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் ஒரு செய்தி மட்டும் மறுக்க முடியாதது. அதே மரபணுவோடு ஒருவர் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி வாழ்ந்து மடிந்திருக்கிறார். இன்னொருவர் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன் மடிந்திருக்கிறார். அப்படியானால் எழுதியது என்பது எங்கே எழுதியிருக்கிறது?

எங்கள் ஊர் பம்புசெட்டில் ஒரு பழைய ரப்பர்க் குழாய் கிடக்கிறது. வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டது. மின்சாரம் குறைவாக வரும் நாளில் ஒன்றும் ஆகாது. முழு வேகத்தில் மோட்டார் ஓடினால் பீறிட்டுவிடும். குழாய் பழையது என்பது உண்மை. ஆனால் அது இன்று கிழிவதும் இருபது ஆண்டு கழித்துக் கிழிவதும் மோட்டாரைப் பொறுத்தது. காடசில் நோயில் பெரும்பாலும் குழாய் அடைபட்டே பக்கவாதம் வருகிறது. இரத்தக் கசிவு அதைவிடக் குறைவு. அப்படிக் கசிவு வந்தவர்களை ஆராய்ந்தபோது, உயர் இரத்த அழுத்தத்துக்கு அதில் பங்கு இருப்பது தெரிந்திருக்கிறது. கொலாஜன் மரபணு கெட்ட சுண்டெலிகளைப் பற்றி 2006இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. இயல்பாகப் பிறந்த குட்டிகளின் மூளையில் பிறப்பின்போதே கடுமையாக இரத்தம் கசிந்தது. வயிற்றைக் கீறி வெளியே எடுத்த குட்டிகள் அந்த ஆபத்திலிருந்து தப்பின. மரபணு இரண்டிலும் ஒன்றே. பிறந்த வழிதான் வேறு. இக்குறையுள்ள மனிதர்களுக்கும், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளவும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் எச்சரிக்கையாக இருக்கவும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கவும் மருத்துவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். ஐஸ்லாந்து நோய்க்குக்கூட, சளியைக் கரைக்கவும் பாரசிட்டமால் நஞ்சை முறிக்கவும் பயன்படுகின்ற பழைய மருந்தாகிய அசிட்டைல் சிஸ்டீனைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்து, தோலில் இருந்த படிவு குறைந்ததென்று 2021இல் வெளியிட்டார்கள். அது மூளைக் கசிவைத் தடுக்குமா என்பதைப் பெரிய சோதனைகள்தாம் சொல்ல வேண்டும். ஆயினும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த அளவு செய்திகூடக் கிடைத்திராது.

"பரம்பரை நோய்களுக்குத் தீர்வு இல்லை" என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கும் தோழியரே, நானும் அப்படி எழுதியவள்தான். இனி எழுத மாட்டேன்.

அப்படியானால் எல்லோரும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நெதர்லாந்தின் கடலோரத்தில் காட்வைக் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அவ்வூர்க் குடும்பங்களில் இதே போன்ற அமிலாய்டு நோய் ஒன்று நடுத்தர வயதில் மூளையில் இரத்தம் கசியச் செய்கிறது. 1990இல் அதன் மரபணு தெரிந்தது. நோய்க்கே அந்த ஊரின் பெயர்தான் வழங்குகிறது. அங்கே நோயாளியின் பிள்ளைகள் விரும்பினால் ஆலோசனை பெற்றுச் சோதித்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் அறியாமலே இருக்கலாம். அறிந்துகொள்வது உரிமை, அறியாமல் இருப்பதும் உரிமை. இது எனக்கு மிகவும் பிடித்தது. நம் நாட்டில் கட்டாயச் சோதனை வந்தால் என்ன ஆகும்? தரகர்கள் ஜாதகக் கட்டத்தோடு மரபணுக் கட்டத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். செவ்வாய் தோஷம்போல நாட்ச் தோஷம் என்று ஒன்று புதிதாகப் பிறக்கும். நாட்ச்-3 மாற்றங்கள் முன்பு நினைத்ததைவிட மக்களிடையே பரவலாக உள்ளன என்றும், தெற்காசியரிடம் அவை கூடுதல் என்றும், அவற்றைச் சுமப்பவர்களில் பலர் பெருந்துன்பமின்றியே முதுமை அடைகிறார்கள் என்றும் அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. இந்நிலையில் ஒரு தாளைக் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குவது மூடத்தனம் அல்லவா?

நான் கேட்பது அதைவிட எளியது, செலவில்லாதது. எழுதி வையுங்கள்!

அந்த ஆய்வாளர்கள் இரண்டு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல முடிந்தது எதனால்? 1703இலேயே ஐஸ்லாந்தில் தீவு முழுவதும் ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 50,358 பேர். பிறரை அண்டிப் பிழைத்த ஏழைகளும் அதில் இருக்கிறார்கள். அதன்பின் ஊர்ப் பாதிரிமார் பிறப்பையும் இறப்பையும் எழுதி வந்தார்கள். அன்றைக்கு எழுதியவருக்கு மரபணு தெரியாது, அமிலாய்டு தெரியாது. ஆனால் எழுதினார். எழுதியதால் 2008இல் ஒரு பெண் அதைப் படித்து உண்மையைக் கண்டாள். எங்கள் குடும்பத்தில் என் தலைமுறைக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என் அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாச்சிக்குத் தன் வயதே தெரியாது. எங்களைப் போன்றோரின் பெயர் எந்த ஏட்டில் ஏறியது? மிராசுதாரரின் கூலிக் கணக்கில் ஏறியிருக்கும். அதிலும் ஆள் எண்ணிக்கையாகத்தான் ஏறியிருக்கும். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லிச் சொல்லித் தாளில் எழுதாமல் விட்டோம். எழுதத் தெரியாத காலம் அது என்று அதற்கு மன்னிப்பு உண்டு. ஆனால் தெரிந்ததைக்கூட மறைத்தோமே, அதற்கு என்ன சொல்வது? ஆஸ்பத்திரியில் ஒரு கேள்விக்கு "இல்லைங்க சார்" என்றோம். மாமாவைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திராது, காலம் கடந்திருந்தது. ஆனால் அந்த மருத்துவர் பக்கத்தில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இரத்த அழுத்தம் பார்த்திருப்பார். அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பே தெரிந்திருக்கும்.

ஆம், அம்மாவுக்கும் இருக்கிறது. சென்ற ஆண்டு நான் வற்புறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். 170க்கு 100. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருவது பெரிதில்லை, விழுங்க வைப்பதுதான் பெரும்பாடு. "எனக்குத்தான் தலைவலி இல்லையே, எதுக்குடி மாத்திரை? எங்கப்பாவுக்கு எழுதினது, எங்கண்ணனுக்கும் எழுதினது. எனக்கு எழுதியிருந்தா வரட்டும்" என்றார். நான் ஐஸ்லாந்துக் கதையைச் சொன்னேன். மரபணு, அமிலாய்டு எல்லாம் விட்டுவிட்டு, அவரும் அவர் பாட்டியும் ஒரே எழுத்துத்தான், பாட்டி அறுபத்தைந்து, பேத்தி முப்பது என்று சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டி என்ன சாப்பிட்டாளாம்?" என்று கேட்டார். ஊறுகாய்ப் பானையை நான் பார்த்த பார்வையில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரை இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் உள்ளே போகிறது. மீதி நாள்களுக்குச் சண்டை நடக்கிறது.

ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதா, மரபணுச் சோதனை வரை போவதா என்பதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வேண்டுமா என்பதை நான் முடிவு செய்வேன். இன்னும் முடிவு செய்யவில்லை. இக்கட்டுரை ஆண்டு மலரில் வந்தால் என்னைப் பெண் பார்க்க வருவோர் கையில் கிடைக்குமே என்று என் தோழி கவலைப்படுகிறாள். கிடைக்கட்டும். படித்துவிட்டு வரட்டும்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, அம்மாச்சியை உட்கார வைத்துப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எப்படி இறந்தார் என்று மூன்று கட்டம். புயலுக்கு முன், புயலுக்குப் பின், தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதன்முதலாகப் போன வருடம் என்று அம்மாச்சி சொல்வதை நான் ஆண்டுக் கணக்காக மாற்றுகிறேன். இதுவரை இருபத்திரண்டு பெயர். தாத்தாவின் தங்கை பெயர் மட்டும் அம்மாச்சிக்கு நினைவில்லை. "சின்னப்பொண்ணுன்னுதான் கூப்பிடுவோம்" என்றார். அதையே எழுதியிருக்கிறேன். பக்கத்தில், நடவு வயலில் தலைவலி என்று விழுந்தவர், வயது இருபத்தைந்துக்குள்.